குந்தி எழுந்த கால்சட்டை

அவரை எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வயதில் சட்டைகளின் நூல் பிசிறு வெட்ட அந்தத் தையல் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர், நாற்பதில் அங்கே கட்டிங் மாஸ்டர். துணியை விரலால் நீவியே, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவார்.

ராணுவச் சீருடைகள் அதுவரை வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. அந்த வருடம் அரசாங்கம், உள்நாட்டு மில் துணியில் உள்நாட்டிலேயே தைக்க டெண்டர் விட்டது. ஆர்டர் இல்லாமல் மூன்று வரிசை இயந்திரங்களில் இரண்டுக்கு உறை போட்டிருந்த முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வாரம் மாஸ்டரம்மாவின் தம்பி படையிலிருந்து விடுப்பில் வந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். பூட்ஸைக் கழற்ற வாசலில் குந்தினான். டர்ரென்று ஒரு சத்தம்.

"இது மூணாவது கால்சட்டை, அக்கா. எங்க ஆளுங்க பாதிப் பேரு குந்தவே யோசிக்கிறாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கால்சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நான்கு தையல்களும் கவட்டையில் ஒரே புள்ளியில் வந்து முட்டின; குந்தினால் இழுப்பு முழுக்க அங்கேதான். அந்த இடத்தைப் பிரித்து, உள்ளங்கை அளவு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்தார். தம்பி அதைப் போட்டுக்கொண்டு கூடம் முழுக்கக் குந்தியபடியே நடந்து காட்டினான்.

டெண்டரும் அதே பழைய வெட்டைத்தான் கேட்டிருந்தது. மாதிரியில் இந்தத் துண்டையும் வைக்கலாம் என்று மாஸ்டரம்மா சொன்னதும் முதலாளி பயந்தார். "டெண்டர்ல இல்லாத துண்டு இது. ஒரு தையல் கூடினாலும் தள்ளிடுவாங்கம்மா."

"அவங்க சொன்னபடி பத்து தைக்கிறேங்க. என் தம்பி அளவுக்கு, என் இஷ்டப்படி ஒண்ணு. அது என் பையில இருக்கட்டும்."

சோதனை நாளில் துணியைத் துவைத்தார்கள், தேய்த்தார்கள், இழுத்தார்கள். சாயம் போகவில்லை. பிறகு பத்து வீரர்கள் உடுத்திக் குந்தி எழுந்தார்கள். மூன்றாவது முறையில் இரண்டு கால்சட்டைகள் வாயைப் பிளந்தன. நிராகரித்து எழுத, கொள்முதல் அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஐயா, துணி கிழியல. தையல்தான் விட்டிருக்கு," என்றார் மாஸ்டரம்மா. "நீங்க குடுத்த அளவுல யாரு தைச்சாலும் விடும். இதையும் ஒரு தடவை பாத்துடுங்க."

பையிலிருந்து எடுத்ததை வீரர்கள் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் இடுப்பிலும் நிற்கவில்லை. எல்லோர் பார்வையும் மெல்ல அதிகாரியின் வயிற்றுக்குப் போனது. அவர் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். உடுத்தி வந்து குந்தினார். எழுந்தார். மறுபடி குந்தினார். பன்னிரண்டாவது முறை இரண்டு வீரர்கள் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

"என் முட்டிதான் விட்டுச்சு," என்றார் மூச்சு வாங்க. "தையல் விடல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அடுத்த மாதம் டெண்டரின் அளவுத்தாள் திருத்தப்பட்டு, சாய்சதுரத் துண்டோடு வெளிவந்தது. ஆர்டரில் ஒரு பங்கு அவர்களுக்குக் கிடைத்தது. மில்லிலிருந்து முதல் லாரி வந்த காலையில், வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த பெண்கள் மணி அடிக்கும் முன்பே வந்து, இயந்திரங்களின் உறையைத் தாங்களே உருவினார்கள். மாஸ்டரம்மா நாற்பது அடுக்குத் துணியை விரித்து, சுருக்கம் நீவி, சாக்கட்டியால் கோடு போட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு, மாஸ்டரம்மா."

வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டார்.