எதிரணிப் பக்கத்தில் உடைத்த பூசணிக்காய்

எங்கள் கால்பந்து லீக்கைப் பற்றிச் சொல்வதென்றால் கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே எங்களை யாருக்கும் தெரியாது. டிவியில் வருகிற லீக் ஒன்று. அதற்குக் கீழே, டிவியில் வர ஆசைப்படுகிற லீக். அதற்கும் கீழே நாங்கள். முதலிடம் பிடிக்கிற அணி மட்டும் மேலே ஏறும். மற்றவர்கள் அடுத்த வருடமும் அதே மைதானத்தில் அதே முகங்களைப் பார்த்து முறைத்துக்கொள்ள வேண்டும். நாங்களும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான்; ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. காலையில் பயிற்சி முடிந்ததும் நான் ஜவ்வரிசி ஆலை வேலைக்கு ஓடுவேன், எங்கள் ஸ்டிரைக்கர் லாரிக்குப் பாடி கட்டப் போவான்.

நான் கோல்கீப்பர். வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மேல் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும், அதற்குப் பிறகு முழங்கால் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று இருந்தேன். அந்த வருடம் அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், நாங்கள்தான் முதலிடம்.

எங்கள் முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கம். தோட்டம் துரவு உள்ள குடும்பம். அவருடைய போர்வெல் ரிக் வண்டிகள் வடக்கே பல மாநிலங்களில் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தன. அணியையும் அவர் ஒரு ரிக் வண்டியாகத்தான் நினைத்தார். தண்ணீர் வரவில்லையா, ஆளை மாற்று, அதற்கும் வரவில்லையா, ஜோசியரைக் கேள். ஆட்டத்துக்குத் தவறாமல் வருவார். இடைவேளையில் கொடுக்கிற வடையையும் டீயையும் முடித்துவிட்டு, "டிராபிக் ஆயிருமுங்க" என்று கிளம்பிவிடுவார். கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்து மைதானத்தில், ஏற்காட்டுக்கு ஏறுகிற நாலு கார்களைத் தவிர என்ன டிராபிக் என்று யாரும் கேட்டதில்லை. முதலாளியைக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் லீக்கில் கிடையாது.

கடைசி ஆட்டத்தன்று டாஸ் போட்டு முடிந்ததும் அவர் மைதானத்துக்குள் இறங்கினார். கையில், புது ரிக் வண்டிக்குச் சுற்றுகிற மாதிரி ஒரு பெரிய பூசணிக்காய். உள்ளே குங்குமம், மேலே கற்பூரம்.

"ஏனுங்க கோச்சு, நம்ம கோலு எதுங்க?"

கோச் ரோட்டுப் பக்கத்தைக் காட்டினார்.

"அப்ப மலைப்பக்கம் அவிங்களுது. அங்க ஒடைச்சுப்போட்டா கண்ணு பூரா அவிங்களுக்கே போயிருமுங்க."

எங்களைச் சுற்றிவிட்டு, மலைப்பக்கத்து கோல் வாயில் ஓங்கி உடைத்தார். மேட்ச் முடிகிறவரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு வேறு. என் காலுறையின் நிறத்துக்கும் அதன்மேல் ஒட்டிய டேப்பின் நிறத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று பிரித்து ஒட்டச் சொன்ன ரெஃப்ரி, பூசணிக்காயைக் கண்டதும் பயபக்தியோடு ஒதுங்கி நடந்தார். விதிப்புத்தகத்தில் காலுறை மட்டும்தான் இருந்தது போல.

நான் கோச்சைப் பார்த்தேன். கோச் வானத்தைப் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முன்னால் இருந்த கோச் வாயைத் திறந்ததால்தான் இவருக்கு அந்த வேலையே கிடைத்தது.

முதல் பாதியில் யாரும் கோல் போடவில்லை. முதலாளி வடையை முடித்துவிட்டுத் திருப்தியோடு கிளம்பினார். நான் மலைப்பக்கம் போனேன். கோல் கோட்டுக்கு முன்னால் பூசணிச் சதையும் விதையும் மண்ணோடு குழைந்து கிடந்தன. அள்ளச் சொல்லி மைதானத்து ஆளைக் கூப்பிட்டேன். "ஓனரு தொடப்படாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க" என்று அவர் நகர்ந்துவிட்டார். பூட்ஸால் முடிந்தமட்டும் தள்ளினேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிரணி ஆள் ஒருவன் பந்தை உதைத்தான். ஒன்றும் பெரிய அடியில்லை, குழந்தை உருட்டிவிட்ட மாதிரி வந்தது. ஓரடி எடுத்து வைத்தேன். கால் வழுக்கி நான் ஒரு பக்கமும் பந்து ஒரு பக்கமும் போனோம். எழுந்து பார்த்தபோது பந்து வலையில் கிடந்தது. அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன். கண்ணீரோடு, விழுந்தபோது முகத்தில் அப்பிய குங்குமமும் வழிந்ததில் ரத்தம் என்று நினைத்து ஆம்புலன்ஸ்காரர் ஸ்டிரெச்சரோடு ஓடிவந்தார்.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார்.

"ஏஞ்சாமி, பூசணிக்காய நான் அவிங்க பக்கமல்ல ஒடைச்சேன்? நீ எதுக்கு அங்க போனே?"

"செகண்ட் ஆஃப்ல பக்கம் மாறுமுங்க."

"எல்லா மேட்சுலயுமா?"

"எல்லா மேட்சுலயுமுங்க."

"இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லுலியே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அடுத்த சீசனுக்கு ஜாதகம் பார்த்துப் புது கோல்கீப்பரை எடுத்தார்கள். என் ராசி அணிக்கு ஆகவில்லையாம். நான் ஆலையோடு கிடந்தேன். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மறுபடியும் போன் வந்தது.

"இந்தவாட்டி பூசணிக்காய நீயே வந்து ஒடைச்சுக் குடு சாமி. எந்தப் பக்கம் எப்ப மாறும்னு உனக்குத்தான் தெரியுது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க நினைத்தேன். ஆனால் போனேன். மைதானத்துக்குள் காலே வைக்காமல், கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக உடைத்தேன். அன்றைக்கு யாரும் வழுக்கி விழவில்லை. அணி ஜெயித்து மேலே ஏறியது. "எல்லாம் உன்ற கைராசிதான் சாமி" என்று முதலாளி முதல் மாலையை எனக்குத்தான் போட்டார்.

நான் ஆசைப்பட்ட மேல் லீக்கில் இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எனக்கு இடமுண்டு, கேட்டுக்கு வெளியே.