அந்தோனியாருக்குப் போன அலுமாரி

மன்னார்த் தீவில் ஒரு குடும்பம் வெளிநாடு போகப் போகிறது என்றால், அந்த வீட்டு நாய்க்குத் தெரிவதற்கு முன்னர் சிசிலியாவுக்குத் தெரிந்துவிடும். வாசலில் அவளுடைய பழைய ஸ்கூட்டி வந்து நிற்கும். கதிரை, கட்டில், தையல் மெசின், தண்ணீர் மோட்டர் என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "இதை இப்ப ஆர் அண்ணை வாங்கப் போகினம்" என்று சொல்லித்தான் விலை பேசத் தொடங்குவாள். பின்னேரம் அதே சாமானைத் துடைத்து, வெயில் சரியும் பக்கமாக நிறுத்திப் படம் எடுத்து, 'மன்னார் வாங்கல் விற்றல்' என்ற முகநூல் குழுவில் போடுவாள். இரண்டு நாளில் அது அடம்பனுக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறிவிடும்.

ஊரில் அவளுக்கு வைத்த பெயர் 'பழஞ்சாமான் சிசிலியா'. அவள் அதைக் குறையாக எடுப்பதில்லை. "ஓம், பழஞ்சாமான்தான். உடைஞ்சு போகேல்லை, பாருங்கோ" என்பாள்.

உடைந்து போக வேண்டிய நாள் ஒன்று அவள் வாழ்க்கையில் வந்தது உண்மை. கணவன் ரொபின்சன் கடல் வழியாக இராமேசுவரம் போனான். இரண்டு மாதத்தில் வருகிறேன் என்றவன், அங்கே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்ற செய்திதான் வந்தது. செய்தி வந்த கிழமையே அவனுடைய தமையன் சந்தியோகு வாசலில் வந்து நின்றான். மூன்று படகுக்குச் சொந்தக்காரன், ஊரில் சம்மாட்டி.

"வீடு எங்கடை குடும்ப வீடு. நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உன்ரை தகப்பன்ரை காணிக்குப் போ."

"அலுமாரி?"

"ரொபின்சன் வரட்டும். அவனைக் கேட்டுத்தான் தருவன்."

மகள் டிலானிக்கு அப்போது எட்டு வயது. அவளையும் இரண்டு உடுப்புப் பைகளையும் கொண்டு சிசிலியா வெளியே வந்தாள். எல்லாவற்றையும் விட்டு வந்தாள், அழாமல் வந்தாள். படலை தாண்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவினூடாக அலுமாரியின் கண்ணாடி தெரிந்தது. அந்தக் கண்ணாடிக்குள் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் வெயிலில் நின்றார்கள்.

அது அவளுடைய சீதன அலுமாரி. தகப்பன் அமிர்தநாயகம் தன் வள்ளத்தை விற்று, அடம்பன் தச்சரிடம் முதிரை மரத்தில் செய்வித்தது. கதவின் உட்புறத்தில், வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ரால் 'சிசிலியா' என்று அவரே எழுதியிருந்தார். "இதோடை போறவளை வெறுங்கையோடை வந்தவள் எண்டு ஒருத்தனும் சொல்லேலாது" என்றார். அதற்குப் பிறகு அவர் இன்னொருவனின் படகில் கூலிக்குத்தான் கடலுக்குப் போனார். சாகும்வரை அப்படித்தான்.

ஒன்பது வருடங்கள் போயின. சென்ற வைகாசியில் ஒரு மத்தியானம், விற்றல் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த சிசிலியாவின் விரல் ஒரு படத்தில் நின்றது. 'பழைய முதிரை அலுமாரி. நல்ல நிலை. விலை பேசலாம்.' போட்டிருந்தவன் சந்தியோகு. கதவைத் திறந்து படம் எடுக்கவில்லை. அவள் படத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்க எழுதினாள்: 'இது என் சீதன அலுமாரி. கதவைத் திறந்தால் என் பெயர் இருக்கும். வாங்குபவர்கள் திறந்து பார்த்து வாங்கவும்.'

அதன் பிறகு ஒருவரும் கிட்ட வரவில்லை. ஒன்றரை இலட்சம் தருவதாகச் சொன்ன கொழும்புக்காரர்கூட, வழக்குள்ள பொருள் வேண்டாம் என்று விலகிவிட்டார்.

அந்தோனியார் திருவிழாக் கொடி ஏறிய வாரத்தில், எருக்கலம்பிட்டியிலிருந்து பழைய சாமான் எடுக்கும் ஆதம்பாவா அவளைத் தேடி வந்தார். தொழிலில் இருவரும் போட்டி; பழக்கத்தில் அண்ணன் தங்கை.

"தங்கச்சி, உன்ட அலுமாரியை என்ட லான்ட்மாஸ்டர் வண்டியில ஏத்தச் சொல்லிக் கேட்டாரு சம்மாட்டி."

"எங்கை கொண்டு போக?"

"கோயிலுக்கு. நேர்த்தியாம். குடுத்துப்போட்டு ஏலத்தில அவரே மீட்பாராம். பிறகு கோயிலால வாங்கின சாமான். கொழும்பு ஆளுக்கு அது போதுமாம். நான் ஏத்தமாட்டன்னு சொல்லிட்டன். அவரு வேற ஆளைப் பிடிப்பாரு."

அந்த ஊரில் பிறந்தவளுக்கு அதன் பொருள் விளங்க அதிக நேரம் வேண்டாம். நேர்ந்து கொடுத்த பொருளைக் கொடுத்தவரே ஏலத்தில் விலை கூறி மீட்பது அங்கே மரியாதையான காரியம். அவர் கேட்கும்போது வேறு யாரும் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள். அப்படி மீட்ட பொருளில் பழைய கதை பேசுவது அந்தோனியாரோடு வழக்காடுவதற்குச் சமம். ஐயாயிரம் ரூபாவுக்கு அலுமாரியைச் சந்தியோகு தூக்கிக்கொண்டு போய்விடலாம். நீலப் பெயின்ரைச் சுரண்டிவிட்டால் அமிர்தநாயகத்தின் வள்ளமும் இல்லை, அவர் மகளும் இல்லை.

"நீ என்ன செய்யப் போறா?" என்றார் ஆதம்பாவா.

"ஏலம் கேப்பன்."

"பொம்புள புள்ள உங்கட கோயில்ல ஏலம் கேக்கிறதா?"

"கேக்கிறேல்லை. ஆம்பிளையைக் கொண்டுதான் கேப்பிக்கிறது. எனக்கு ஆர் இருக்கினம்? நான்தான் இருக்கிறன்."

வீட்டிலிருந்த தையல் மெசினையும் இரண்டு ஆட்டையும் அன்றே விற்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாங்க வந்தவர்கள் கேட்ட விலைக்கு விற்றாள். நாற்பதாயிரம் சேர்ந்தது.

திருவிழாவுக்கு மறுநாள் காலை, பூசை முடிந்து சனம் முற்றத்துக்கு வந்தது. சோளகக் காற்று மணலை வாரி எறிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். நடுவில் ஆடுகள், சேவல்கள், தேங்காய்க் குவியல், விடியற்காலை வலையின் முதற் பாட்டில் பிடித்த பாரை மீன். அவற்றுக்குப் பின்னால் கண்ணாடியில் சூரியன் பளீரிட அலுமாரி நின்றது. கோயில் மூப்பர் றெனால்ட் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

ஒரு வெள்ளைச் சேவலைச் சிங்கராசா சம்மாட்டி எட்டாயிரத்துக்குக் கேட்டு எடுத்தார். அங்கேயே அதைத் தலைக்கு மேலே தூக்கி, "அந்தோனியாருக்கே திருப்பிப் போடுங்கோ" என்றார். சனம் கைதட்டியது. மூப்பர் ஒலிவாங்கியில் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். "திருப்பிப் போட்டவரும் அவர் வீட்டுக்காரரும் இனி இதைக் கேக்கேலாது. மற்ற ஆக்கள் கேளுங்கோ." சேவல் இரண்டாம் முறை ஆயிரத்தைந்நூறுக்குப் போனது. சிங்கராசாவின் பெயரோ அன்று முழுவதும் ஊர் வாயில் நின்றது. சந்தியோகு சேட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டான். அந்த இருவருக்கும் இடையே கடலிலும் போட்டி, கரையிலும் போட்டி.

அலுமாரியின் முறை வந்தது.

"ஐயாயிரம்" என்றான் சந்தியோகு, வீட்டில் சாப்பாடு கேட்பவனைப் போல.

மூப்பர் சுற்றிலும் பார்த்தார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"பத்தாயிரம்."

குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. தலைகள் திரும்பின. சிசிலியா எழுந்து நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்த டிலானியின் கையை மெதுவாக விடுவித்தாள்.

மூப்பர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார். "பிள்ளை, ஆருடைய பேரிலை கேக்கிறாய்?"

"என்ரை பேரிலை. ஒலிவாங்கியிலை சொல்லுங்கோ மூப்பர்."

"பொம்பிளையள் கேக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியுந்தானே."

"வள்ளம் வித்து இதைச் செய்தவர் இருந்தால் அவர் கேட்டிருப்பார். அவர் சேமக்காலையிலை கிடக்கிறார். எழுப்பிக்கொண்டு வாறதோ?"

பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மூப்பர் மேலே கோயில் சிலுவையைப் பார்த்தார், கீழே மணலைப் பார்த்தார். பிறகு பொத்திய கையை எடுத்தார். "சிசிலியா, பத்தாயிரம்."

"இருபது" என்றான் சந்தியோகு. முகம் கறுத்துவிட்டது.

"இருபத்தைஞ்சு."

"முப்பது. பழஞ்சாமான் வித்த காசு எவ்வளவு தூரம் ஓடுது எண்டு பாப்பம்."

"ஓடுற வரைக்கும் ஓடட்டும் அத்தான். நான் ஒருத்தரையும் விட்டிட்டு ஓடேல்லை. நாற்பது."

தம்பியைக் குத்திய அந்தச் சொல்லுக்கு ஆண்கள் பக்கத்திலிருந்தே சிரிப்பு எழுந்தது. சந்தியோகு கையை உயர்த்தினான். "நாற்பத்தைஞ்சு."

சிசிலியாவின் கைப்பைக்குள் நாற்பதுதான் இருந்தது. மூப்பர் நிதானமாகவே எண்ணினார். அவள் ஏதும் சொல்லமாட்டாளா என்று பார்த்துப் பார்த்து எண்ணினார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.

முடிந்தது. தகப்பனின் வள்ளம் இரண்டாவது முறையும் கைவிட்டுப் போனது. கண்ணாடியில் அவளுடைய உருவம் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. அன்று படலையில் நின்ற அதே பெண். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் சிசிலியாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தின் நடுவே கண் தற்செயலாக வெள்ளைச் சேவலின் மேல் விழுந்தது.

"நல்லது அத்தான்" என்றாள் எல்லோருக்கும் கேட்க. "வீட்டை கொண்டு போங்கோ. எல்லாராலையும் சிங்கராசா சம்மாட்டி மாதிரித் திருப்பிப் போடேலுமே? அதுக்கு மனசு வேணும்."

சனம் கொல்லென்று சிரித்தது. சிங்கராசா மீசையைத் தடவிக்கொண்டார். சந்தியோகு அவரைப் பார்த்தான், சனத்தைப் பார்த்தான். பிறகு ஆண்கள் கூட்டத்தில் நின்ற தன் படகோட்டி பிலேந்திரனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். பிலேந்திரன் தலையாட்டினான். சிசிலியா அதைக் கண்டாள். ஊருக்குள் பெயரையும் எடுத்துக்கொண்டு, பிலேந்திரன் வாயால் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு அலுமாரியையும் எடுத்துக்கொள்ளும் எண்ணம்.

சந்தியோகு முன்னே போய் ஒலிவாங்கியை வாங்கினான். "சேவல் எல்லாரும் போடுவினம். நான் அலுமாரி போடுறன். அந்தோனியாருக்கே."

கைதட்டல் கோயில் ஓட்டில் மோதித் திரும்பியது. அது அடங்க முன்னரே மூப்பர் எச்சரிக்கையைச் சொல்லி முடித்தார். அன்று அதைச் சற்று வேகமாகச் சொன்னார் என்று பிறகு சிலர் பேசிக்கொண்டார்கள். "திருப்பிப் போட்டவரும் வீட்டுக்காரரும் கேக்கேலாது. மற்ற ஆக்கள்..."

"நாற்பதாயிரம்" என்றாள் சிசிலியா.

திருப்பிப் போட்ட பொருளை அவ்வளவு விலைக்கு யாரும் கேட்டதில்லை. பிலேந்திரனின் வாய் 'இரண்டு' என்று தொடங்கி அப்படியே நின்றது. அவன் சம்மாட்டியைப் பார்த்தான். ஊர் முழுவதும் சம்மாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவன் யாருக்குக் கண்ணைக் காட்டுவது? பிலேந்திரன் குனிந்து, காலில் ஒட்டாத மணலைத் தட்டினான்.

மூப்பர் தாழ்ந்த குரலில், "பிள்ளை, ஐஞ்சாயிரம் எண்டு திருத்தினாலும் நான் எழுதுவன். இவ்வளவு ஏன்?" என்றார்.

"வேண்டாம் மூப்பர். குறைச்சு எடுத்தால் நாளைக்கு அதையும் கதையாக்குவினம். சிசிலியா சும்மா வாங்கினவள் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. நாற்பது எண்டு எழுதுங்கோ."

ஓரத்தில் தேங்காய் வாங்க வந்து நின்ற ஆதம்பாவா தலையில் கை வைத்தார். "இவளையா நான் போட்டிக்காரின்னு நெனச்சுப் பயந்தன்" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். சொல்லிவிட்டு, வெளியே நின்ற லான்ட்மாஸ்டரைத் திருப்பப் போனார். கயிறும் பழைய மெத்தையும் காலையிலேயே அதில் போட்டு வைத்திருந்தார்.

ஏற்றும்போது சந்தியோகு அருகில் வந்தான். "சபையிலை என்னை விழுத்திப்போட்டாய்" என்றான்.

"நானோ? நீங்களாத்தான் அந்தோனியாருக்குக் குடுத்தனீங்கள். நாற்பத்தைஞ்சை மறக்காமல் மூப்பரிட்டைக் கட்டிப்போடுங்கோ."

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே மாமியார் வீட்டுப் பாச்சான் உருண்டை மணந்தது. நீல எழுத்துக்கள் மங்கியிருந்தன. 'சி'யின் சுழியில் தகப்பனின் தூரிகை மயிர் ஒன்று பெயின்ரோடு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தொட்டபோதுதான் சிசிலியா அழுதாள். ஒன்பது வருடத்து அழுகை. டிலானி கதவை இன்னும் அகலத் திறந்து, தாயைச் சனத்தின் கண்ணிலிருந்து மறைத்துப் பிடித்தாள்.

அன்று பின்னேரம் விற்றல் குழுவில் ஒரு படம் வந்தது. தகப்பனின் காணியில் நிற்கும் சீமெந்துக் கல் வீட்டின் முன்னறையில் ஓர் அலுமாரி, கதவு இரண்டும் திறந்தபடி. கீழே: 'முதிரை அலுமாரி. என்னுடையது. விற்பனைக்கு இல்லை.'

குழுக்காரர் பழக்கதோஷத்தில் வாசிக்காமலே கேட்கத் தொடங்கினார்கள். 'விலை?' 'கடைசி விலை?' 'வவுனியாவுக்கு அனுப்புவீங்களா?'

ஆடுமில்லை, மெசினுமில்லை, நாளைக்கு எந்த வீட்டுச் சாமானுக்கு முன்பணம் கொடுப்பது என்றும் தெரியாது. சிசிலியா நிலத்தில் சப்பணமிட்டு இருந்து, தேநீரை உறிஞ்சிக்கொண்டு, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதிக்கொண்டிருந்தாள்.

'திரும்ப வாசியுங்கோ.'