எஸ்தர் அக்காவிடம் கொடுத்த சாவி

காய்ந்த குரோட்டன்ஸ் இலைகள் செருப்புக்கடியில் அப்பளம்போல் நொறுங்கிய சத்தத்தோடுதான் அந்த ஆண்டுக் கோடை விடுமுறை எங்களுக்கு முடிந்தது.

அப்பா கோர்ட்டு குமாஸ்தா. திருவள்ளூரில் வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த ஒரு "லைன் ஊட்டில்" நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வராந்தாவில், கம்பிக்கதவுக்குள், அம்மா ஆசையாகத் தொட்டிச் செடிகள் வளர்த்தாள். மே மாதம் தாத்தா ஊருக்குப் புறப்படும்போது, தெருக்குழாயை நம்ப முடியாது என்று பெரிய டிரம் ஒன்றை நிரப்பி மூடிவைத்து, தினமும் செடிகளுக்கு ஊற்றச் சொல்லி, பக்கத்துக் குடித்தனத்து எஸ்தர் அக்காவிடம் சாவியைக் கொடுத்தாள். அக்காவின் கணவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு எப்போதாவதுதான் வருவார். அக்காவும் சின்ன மகனும் மட்டும் தனியாக இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது செடிகள் சருகாகிக் கிடந்தன. டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அம்மா கத்தத் தொடங்கியதும், எல்லாக் குடித்தனங்களிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"நம்பித்தானே சாவி குடுத்தேன்? தண்ணிய எடுத்துக்கினு செடிய சாவ உட்டுட்டியே! கேட்டா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

எஸ்தர் அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "புள்ளைக்கு அம்மை போட்டுடுச்சிக்கா. கொழாய்ல தண்ணியே வர்ல. தொடைக்க, தொவைக்க, தலைக்கு ஊத்த, எல்லாத்துக்கும் உங்க தண்ணிதான். கேக்கறதுக்கு நீங்க ஊர்ல இல்லியே."

அவள் பின்னால் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனின் முகமெல்லாம் ஆறியும் ஆறாத தழும்புகள். அக்கா தன் வீட்டுக்குள் போய், பசேலென்றிருந்த இரண்டு தொட்டிகளைத் தூக்கி வந்து அம்மாவின் காலடியில் வைத்தாள். "அரிசி கழுவன தண்ணி ஊத்துனேன். இது ரெண்டத்தான் காப்பாத்த முடிஞ்சிது."

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்தான்: "சாவி?"

அன்றிலிருந்து அம்மா, அக்கா குழாயடியில் இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் குடத்தை எடுப்பாள். அந்தப் பையனுக்கு இளநீரை என்னிடம் கொடுத்தனுப்பினாளே தவிர, தான் போகவில்லை. அக்காவோ சிரித்தபடியே வாங்கிக்கொள்வாள். என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியாது. சில மாதங்களில் அவர்கள் கும்மிடிப்பூண்டிக்கே குடிபோனார்கள். வண்டியில் சாமான் ஏறும்போது அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். "ஒரு வார்த்த சொல்லிட்டு வாயேன்" என்றார் அப்பா. "எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது?" என்றாள் அம்மா.

பல ஆண்டுகள் கழித்து மின்சார ரயிலில் எதிரே அமர்ந்திருந்த அம்மைத் தழும்பு முகத்து இளைஞனிடம், "தம்பி, உங்கம்மா பேரு எஸ்தரா?" என்று அம்மா கேட்டாள். அவன் குழம்பி, இல்லை என்று தலையாட்டினான். சென்ட்ரல் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்ககம். அம்மா இல்லை. பெரியம்மை ஒழிந்துவிட்டதால் அப்படித் தழும்பு விழுந்த இளம் முகங்களும் இன்று எங்கும் இல்லை. அம்மா ரயிலில் கேட்ட அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பதென்று எனக்கும் தெரியவில்லை.