பனி அள்ளிய மனிதருக்குப் பிளாஸ்டிக் கப்

"ஸ்னோ பார்த்தீங்களா, எப்படி இருந்தது?"

இரண்டு வாரமாக இதே கேள்வி. ஸ்னோ பார்க்கப் போகிறோம் என்று இந்தப் பக்கத்திலேயே நான் தம்பட்டம் அடித்துவிட்டுப் போனதால் வந்த வினை. வீட்டுக்கு அருகே ஒடாஹுஹு மரக்கறிக் கடையில் கேட்கிறார்கள், போனில் கேட்கிறார்கள். "ஓம், நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் பொறுக்கப் போய்விடுகிறேன்.

உங்களிடமும் அப்படித் தப்பிக்கலாம்தான். ஆனால் எல்லோர் வீட்டுக் குறையையும் வாராவாரம் எழுதிச் சிரிக்கிறவள் நான். என் குறை வரும்போது மட்டும் வெங்காயம் பொறுக்கினால் எப்படி?

ஆக்லாந்தில் ஸ்னோ விழாது. மழை, காற்று, மறுபடி மழை — இவ்வளவுதான் இங்கே குளிர்காலம். பனி வேண்டுமென்றால் தெற்கே நாலைந்து மணி நேரம் கார் ஓட்டி, ருவாபெஹு மலைக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் இங்கே குளிர்காலம்; அந்த ஸ்கூல் லீவில் போனோம். எங்கள் காரில் நான், கணவர், மகள். இன்னொரு காரில் ஹில்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களான ஸ்டெல்லாவும் அவள் கணவரும். மலேசியத் தமிழர்கள்; சிரிப்பும் சாப்பாடுமாக இருக்கிற ஜோடி.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மோட்டல். வரிசையாக அறைகள், முன்னால் கார் நிறுத்த ஒரு ஒடுங்கிய பாதை. நாங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததால், ரோட்டில் ஏறும் வாய் ஓரமாக எங்கள் ஸ்டேஷன் வேகனை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினோம். அவ்வளவு குளிர்.

ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. மழைக்குச் சத்தம் உண்டு, இதற்கு அதுவும் இல்லையே... காலையில் கதவைத் திறந்தால் திறக்கவில்லை. கணவர் தோள் கொடுத்துத் தள்ளினார். வெளியே காரைக் காணோம். கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு.

அடுத்த அரை மணி நேரக் கூத்தைத்தான் இந்தப் பத்திக்கு எழுதுவதாக நினைத்திருந்தேன். கையுறை இல்லாமல் கையில் காலுறை போட்டுக்கொண்டது, சப்பாத்துக்குள் பாண் வாங்கிய பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டது, என் கணவர் — அரசாங்க எஞ்சினியர் — குப்பை அள்ளும் பிளாஸ்டிக் தட்டை எடுத்துக்கொண்டு பனியோடு போருக்குப் போனது... நாலு தட்டு அள்ளியிருப்பார். பனி என்றால் பஞ்சு மாதிரி இருக்கும் என்று யார் சொன்னது? ஈரமண் கனம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து ஹீட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மோட்டல் உரிமையாளர் கதவைத் தட்டினார். சிவந்த முகம், வெள்ளைக்காரர். கரண்ட் போகலாம், பனி தள்ளும் கிரேடர் வந்து ரோட்டைத் திறந்துகொண்டிருக்கிறது, ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு மறுபடி கொட்டுமாம், மூடினாலும் மூடுவார்கள் என்று சொல்ல வந்தார். நின்றபடி போகிற மனிதரை விட்டோமா? "கம் இன், கம் இன்." நாற்காலி போட்டேன். அலமாரியில் இருந்த பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர். கொண்டுபோன வடையைச் சூடாக்கித் தட்டில் வைத்தேன். அவருடைய பூட்ஸ் பனி கார்ப்பெட்டில் உருகிக் குளமானது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே ஓர் ஆள் பனி அள்ளுகிறார். நல்ல உயரம், மாநிறம். மாவோரிக்காரர், இந்த நாட்டின் பூர்வகுடி. பழைய கம்பளிச் சட்டை, ரப்பர் பூட்ஸ், கையில் பெரிய ஷவல். பாதையின் உள்கோடியிலிருந்து அள்ளிக்கொண்டே வந்து, ஸ்டெல்லாவின் காரைத் தாண்டி, எங்கள் கார்ப் பக்கம் வந்துவிட்டார்.

"பாத்தீரோ, ஆள் அனுப்பியிருக்கிறான். நல்ல மோட்டல்," என்றார் கணவர்.

எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. ஏன் வரவில்லை? இதைத்தான் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கணவர் ஜன்னலைத் தட்டினார். அந்த மனிதர் நிமிர்ந்தார். இவர் கையால் காரின் கூரையைக் காட்டி, அதையும், என்று சைகை செய்தார். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கூரைப் பனியையும் வழித்துத் தள்ளினார்.

முடிந்ததும் வந்து கதவைத் தட்டினார். "மோர்னிங்" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் கேட்டேனா? "வெயிட், வெயிட்" என்று விரலைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினேன். பாவம், குளிரில் வேலை செய்கிற ஆள், தேநீர் கொடுக்க வேண்டும் என்று மனம் இளகிவிட்டது. அந்த இளக்கத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அலமாரியில் இன்னும் மூன்று பீங்கான் கோப்பைகள் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தன. என் கை அங்கே போகவில்லை. நேரே பாத்ரூமுக்குப் போனது. பல் துலக்க வைத்திருந்த பிளாஸ்டிக் கப்பை எடுத்தது. அலசி, தேநீர் ஊற்றி, முதல் நாள் வடையில் ஒன்றைப் பேப்பரில் சுற்றி... எல்லாம் தானாக நடந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பின்வேலியில் ஒரு தகரப் பேணி கவிழ்த்துத் தொங்கும். வேலைக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் அதில்தான். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, அவர்களே மாட்டிவிட்டுப் போவார்கள். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. நான் படித்தவள், அதெல்லாம் எனக்கு இல்லை என்று நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் வாய் விட்டதை என் கை விடவில்லை போலிருக்கிறது.

கப்பையும் வடையையும் வாசலில் நீட்டினேன். "யூ மஸ்ட் பி கோல்ட்" என்றேன், பெரிய மனசோடு. அவர் வாங்கிக்கொண்டார். மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சூடெல்லாம் போகுது, கதவைச் சாத்தும்," என்றார் உள்ளேயிருந்து கணவர்.

சாத்தினேன். அவர் முகத்துக்கு நேரே.

அவர் வெளியே நின்று குடித்தார். ஜன்னலில் முதுகு தெரிந்தது. நாங்கள் இடியாப்பம் சாப்பிட்டோம். ரோடு திறக்கட்டும், அவசரமில்லை, ஆறுதலாகப் போகலாம் என்று இரண்டாம் தரமும் தேநீர் போட்டேன். எவ்வளவு நேரம் போயிருக்கும்? எண்ணிப் பார்க்கத் தைரியம் இல்லை.

அப்புறம் ஸ்டெல்லா ஓடி வந்தாள். எப்போதும் சிரிக்கிற முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, காரை எடுக்கச் சொல்லுங்க சீக்கிரம். அவரு வெளியப் போவணுமாம், உங்க காரு வழிய மறிச்சிட்டு நிக்குது லா. ரெண்டு வாட்டி சொல்லப் பாத்தேன், டீ குடுத்துக் கதவ சாத்திட்டாங்கன்னு சொல்றாரு."

"எங்க போகோணுமாம்? மோட்டல் ஆள்தானே?"

"மோட்டல் ஆளு இல்லக்கா. கடைசி ரூம்ல தங்கியிருக்காரு, நம்ம மாதிரி. ஒடாஹுஹுக்காரரு. அண்ணன் செத்துட்டாராம். இன்னைக்கு அடக்கம். நேத்து ராத்திரி ரோட்ட மூடிட்டதால இங்க மாட்டிக்கிட்டாரு. பொட்டிய மூடறதுக்குள்ள போயி முகத்தப் பாக்கணுமாம்."



என் அப்பா போன வருஷம் ஊரில் தவறிப்போனார். தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கலவரம், ஊரடங்கு, போக வழியில்லை. கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கவில்லையே என்று இன்றைக்கும் சமையலறையில் நின்று அழுகிறவள் நான். அந்த மனிதர் என் வாசலில் நின்று கேட்க வந்தது இதைத்தான். அவர் வாயைத் திறந்திருந்தால் இந்த உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்கும். நான்தான் திறக்க விடவில்லை.

கணவர் செருப்போடு ஓடினார். குளிரில் கார் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தது. ஸ்டார்ட் ஆனதும் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்றது. அந்த மனிதர்தான் தன் காரிலிருந்து ரப்பர் பாயை உருவி வந்து எங்கள் சக்கரத்துக்கு அடியில் போட்டு, பின்னால் நின்று தள்ளினார். சேறும் பனியும் அவர் மேலே தெறித்தன. அப்போதுதான் கவனித்தேன் — கம்பளிச் சட்டைக்கு உள்ளே வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. சாவுக்குப் போக உடுத்தியிருந்தார்.

நான் "சொறி, சொறி" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். எனக்கு வேறு ஆங்கிலம் வரவில்லை. தமிழும் வந்திருக்காது.

"நோ வொரீஸ். குட் டீ," என்றார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. காரில் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அன்றே ஆக்லாந்துக்குத் திரும்பினோம். ஹமில்டன் தாண்டியதும் கணவர் மெல்லச் சொன்னார்: "பாத்தா வேலையாள் மாதிரித்தானே இருந்தது? ஆருக்கெண்டாலும் அப்பிடித்தான் தோன்றியிருக்கும்."

எனக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டது. எடுத்துக்கொள்ளக் கையும் நீட்டிவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். வேலையாளாகவே இருந்திருந்தால்? அப்போது அந்தக் கப் சரியாகிவிடுமா? பனியில் நிற்க வைத்துக் கதவைச் சாத்தியது மரியாதையாகிவிடுமா? மோட்டலில் நிஜமாகவே வேலை செய்கிற அந்த உரிமையாளர் என் நாற்காலியில் உட்கார்ந்து பூக்கோப்பையில் குடித்துவிட்டுத்தானே போனார். அவரிடம் இருந்தது என்ன, இவரிடம் இல்லாதது என்ன என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நாங்கள் ஏன் ஊரைவிட்டு வந்தோம் என்று இங்கே யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆளின் பேரையும் பேச்சையும் பார்த்து ஆளைப் பிரித்தார்கள், அடித்தார்கள் என்று பேசுவேன். கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். இனி எந்த முகத்தோடு பேசுவது?

மகளின் ஜாக்கெட்டை அங்கே விட்டுவிட்டு வந்ததால் போன வாரம் கணவர் மோட்டலுக்குப் போன் செய்தார். நான்தான் பக்கத்தில் நின்று, அந்த மனிதர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்கச் சொன்னேன். திரும்பும்போது அங்கே நின்றுவிட்டுப் போனாராம். மறுபடி பனி கொட்டும் என்ற பயத்தில் காத்திருக்க முடியாமல் பெட்டியை மூடிவிட்டார்களாம். மண் போட மட்டும் நேரம் இருந்ததாம்.

"ரோட்டில பனிதானே, அதாலயும் பிந்தியிருக்கும்," என்றார் கணவர் போனை வைத்துவிட்டு. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தக் கணக்கு எனக்குக் கடைசிவரை தீராது.

இதை மனம் பொறுக்காமல் போன ஞாயிறு நாலைந்து சிநேகிதிகளிடம் சொன்னேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "ஐயோ, வேலைக்காரன் எண்டு நினைச்சிட்டீரோ" என்றாள் ஒருத்தி. "தெரியாமப் பண்ணினது தானே" என்றாள் இன்னொருத்தி. பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்ப அவர் உண்மையில என்ன வேலையாம்?"

தெரியாது. பதிலைக் கேட்டு என் வெட்கம் கூடிவிடுமோ குறைந்துவிடுமோ என்ற பயத்தில், நான் விசாரிக்கவே இல்லை.