மடங்காத முழங்காலும் அப்பாவின் லேத்தும்

சூடான இரும்பில் தேங்காய் எண்ணெய் பட்டால் எழுகிற வாசனை, அப்பளம் பொரிக்கிற வாசனைக்கு உடன்பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து அது கிளம்பிவிட்டால், தெருவில் போகிறவர்கள் "என்ன விசேசம்?" என்று எட்டிப் பார்ப்பார்கள். அம்மா வெடுக்கென்று பதில் சொல்வாள்: "வாசம் மட்டுந்தான் வரும், திங்க ஒண்ணும் வராது. உள்ள ரெண்டு பேரும் இரும்பச் சீவிக்கிட்டு இருக்காக."

அந்த இருவரில் ஒருவர் அப்பா. கம்பத்து ஜவுளிக்கடை ஒன்றில் பகலெல்லாம் மீட்டர் மீட்டராகத் துணி கிழித்துப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் மட்டும் முடிக் கன அளவுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். இன்னொருவர் சுருளி மாமா, அம்மாவுக்கு அண்ணன் முறை, திராட்சைத் தோட்டக்காரர். இருவருக்கும் பட்டறைத் தொழிலுக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. மலைமேல் எஸ்டேட் ஒன்றில் கழித்துக் கட்டிய சின்ன "லேத்து" ஒன்றை, எஸ்டேட் வேலைக்கு ஆளேற்றிப் போன ஜீப்பில் திரும்பி வரும்போது தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் விறகுக் கொட்டகையில் இறக்கினார்கள். இரும்புத் துண்டைச் சுழலவிட்டு, கூரான "டூலை" அதன்மேல் கொடுத்துச் சீவுகிற இயந்திரம். அன்றிலிருந்து அவர்களுக்குப் பித்துதான். செய்ததெல்லாம் பம்பரம், பேனா மூடி, யாருக்கும் உதவாத குட்டிச் சக்கரங்கள்.

அந்த லேத்துக்கு வயதான ஆட்களுக்கு இருக்கிற அத்தனை நோவும் இருந்தது. ஆழமாக வெட்டினால் உடம்பெல்லாம் உதறும். அதனால் காகிதக் கனத்துக்குச் சீவி, மறுபடி சீவி, பிறகும் சீவுவார்கள். உதறலை அடக்க அதன் அடியில் எங்கள் அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள், ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் சட்னி கிடையாது. துண்டு போடுகிற டூலை நேராக மாட்டினால் கடித்துக்கொண்டு நின்றுவிடும் என்பதால், அதைக் கவிழ்த்துப் பின்பக்கமாக மாட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கரண்ட். தோட்டங்களில் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும் எங்கள் தெருவில் பல்புகள் மஞ்சளாகிவிடும், லேத்து மோட்டார் முனகிக்கொண்டு படுத்துவிடும். எந்தத் தோட்டத்தில் எப்போது தண்ணீர் பாய்ச்சுவார்கள் என்பது சுருளி மாமாவுக்கு அத்துப்படி. "சீக்கிரம் மச்சான், மேற்க மோட்டார் போடப் போறாங்ய" என்று விரட்டிக்கொண்டே இருப்பார்.

இந்த விளையாட்டு என் காலடிக்கு வந்து சேர்ந்தது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில். காலடிக்கு என்றால் நிஜமாகவே காலுக்கு. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய என் இடது காலுக்கு, இரும்புப் பட்டையும் தோல்வாரும் சேர்ந்த "காலிப்பர்" மாட்டியிருந்தேன். முழங்காலருகே ஒரு வளையம். அதைக் கீழே தள்ளினால் கால் விறைப்பாகப் பூட்டிக்கொள்ளும், நடக்கலாம். மேலே தூக்கினால் மடங்கும், உட்காரலாம். அந்த மூட்டு ஆணியைச் சுற்றியிருந்த சின்னப் பித்தளைக் குழல், "புஷ்", தேய்ந்துபோய், வளையம் தானாக நழுவத் தொடங்கியது. கோயில் வாசலில், ஊரே பார்க்க, நான் குப்புற விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டேன்.

ஆறாம் வகுப்புக்குக் கம்பத்துக்குத்தான் போகவேண்டும், பேருந்தில், தனியாக. அம்மா ஒரே பிடியாக நின்றாள். "இங்கன விழுந்தா நாங்க இருக்கோம். அங்கன விழுந்தா எம்புள்ளைய யாரு தூக்குவா? படிச்சது போதும்." மதுரையில் புதுக் காலிப்பருக்குச் சொல்லி வைத்திருந்தோம், ஆனால் பள்ளி திறப்பதற்குள் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். எனக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் இந்த வீடும் இந்தச் சன்னலும்தான் மிச்சம் என்பது அந்த வயதிலேயே நன்றாகத் தெரிந்திருந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறன்று அப்பா என் காலிப்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். புது ஆணி ஒன்று, அதற்கு ஒரு பித்தளை புஷ். ஆட்டம் கண்டதால்தானே விழுந்தாள், இனி ஒரு முடிகூட உள்ளே நுழையக்கூடாது என்று இருவரும் வெறி பிடித்தவர்களாகக் காகிதக் கனம் காகிதக் கனமாகச் சீவினார்கள். சீவிச் சீவிப் பித்தளை கைவைக்க முடியாமல் கொதித்தது. ஆறட்டும் என்று காத்திருந்தால் மேற்கே மோட்டார் போட்டுவிடுவார்கள். கொதிக்கக் கொதிக்கவே அளந்தார்கள், துளையைச் சரிபார்த்தார்கள், ஆணியைப் பொருத்தினார்கள். மூட்டை மடக்கி மடக்கி நீட்டியபோது வெண்ணெயாக வழுக்கியது. "பாத்தியா ஆத்தா! எந்தக் கம்பெனிக்காரனுக்கு இது வரும்?" என்று மாமா என்னைப் பார்த்துக் குதித்தார். அந்த வழுக்கலைப் பார்த்துத்தான் அம்மாவும் "சரி, போகட்டும்" என்று இறங்கி வந்தாள். கால் நேராக நீட்டியபடி அதைச் சுவரில் சாய்த்துவைத்தார்கள்.

காலையில் மாட்டினேன். வளையத்தைத் தூக்கி மடக்கிப் பார்த்தால், மடங்கவில்லை. சூட்டில் விரிந்திருந்த பித்தளை ராத்திரியில் ஆறிச் சுருங்கி, ஆணியைக் கவ்விப் பிடித்திருந்தது. கொஞ்சம் ஆட்டம் விட்டே பொருத்தவேண்டும் என்பது எந்தப் பட்டறையிலும் பாலபாடம். இவர்களுக்கு ஆட்டம் என்பதே பகையாகிவிட்டதே!

காரணமெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாயைத் திறந்தால் பள்ளிக்கூடம் போச்சு. அப்பா கடைக்கு முதல் பஸ்ஸிலேயே போயிருந்தார். நான் நின்றபடியே இட்லியைத் தின்றேன். நின்றபடியே தலை பின்னிக்கொண்டேன். "உக்காருடி" என்றதற்கு "நேரமாச்சும்மா" என்றேன். அம்மா என்னை அக்குளில் கைகொடுத்துப் பஸ்ஸில் தூக்கி ஏற்றிவிட்டாள்.

உட்கார்ந்தால் கால் நடைவழியில் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு நின்றது. ஏறுகிறவர்கள் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். ஒரு பூக்காரம்மா மட்டும் "வலிக்குதாத்தா?" என்று கேட்டு, தன் கூடையை என் குதிகாலுக்கு அடியில் நகர்த்திவைத்தாள். வகுப்பிலும் அப்படித்தான், பெஞ்சு ஓரத்தில் கால் தனியாக ஒரு மாணவிபோல. ஆனால் அன்று முழுக்க நான் விழவில்லை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட அப்பா கடையிலிருந்து ஓடிவந்தார். நான் வட்டம் போட்டுக் காலை வீசி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

"ஆத்தா, மடங்கலையா?"

"மடங்கலைப்பா. ஆனா விழல."

நடுத்தெருவில், கடைச் சட்டையோடு, என் அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்றே மாமா அந்த ஆணியைக் கழற்றித் தேய்த்துச் சரிசெய்தார். புதுக் காலிப்பர் வரும்வரை அது மடங்கியது, நழுவவே இல்லை.

இப்போது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. லேத்து மறுபடி பழைய இரும்புக்கே போயிற்று, கொட்டகை இருந்த இடத்தில் என் தம்பி பைக் நிறுத்துகிறான். நான் கம்பத்திலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை, காலில் இருப்பது இறகுபோல லேசான பிளாஸ்டிக் காலிப்பர். போன பொங்கலுக்கு அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லி, "உன்னைய எப்புடி ஏமாத்துனேன் பாத்தியா?" என்று பீற்றிக்கொண்டேன்.

அம்மா கரும்பை நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "போடி இவளே. உன்னைய பஸ்ஸுல தூக்கயிலேயே கால் கட்டையா கெடந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும்."

"தெரிஞ்சுமா ஏத்திவிட்ட?"

"எறக்கிருவேனோன்னு நீ அந்த பஸ்ஸு கம்பிய அம்புட்டு இறுக்கிப் புடிச்சிருந்தயேடி. அதப் பாத்தப்பொறகு எப்புடி எறக்குவேன்?"