ஏழு அடுக்குப் பலகை

சூறாவளி வந்து எங்கள் கூரைகளைக் கழற்றிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம் இது நடந்தது. இடம் கல்முனை. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது, தலை நிறைய முடி, வாப்பாவின் புடவைக்கடையில் துணி அளக்கிற வேலை. முழக்கோலால் அளந்ததைவிட வாயால் அளந்ததுதான் அதிகம் என்று வாப்பா வாடிக்கையாளர்களிடமே சொல்வார்.

எங்கள் கழகத்தில் ஒரு மேசைப்பந்து மேசை இருந்தது. மழையில் ஊறி ஒரு மூலை வீங்கிப் போன மேசை. பந்து அந்த மூலையில் விழுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று பந்துக்கே தெரியாது. அந்த மேசையில் நான்தான் ஊரறிந்த அடிகாரன். பந்து வந்தால் அடி, அவ்வளவுதான் என் ஆட்டம். "பயமில்லாத பொடியன்" என்று பார்க்க வந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு உள்ளே சிரிப்பு வரும். உண்மை என்னவென்றால், பந்து மூன்று தரம் வலையைத் தாண்டிப் போய் வந்தாலே என் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். நாலாவது தரம் வரும்போது, இதை எப்படியாவது முடித்துத் தொலைத்தால் போதும் என்று ஒரு சாத்துச் சாத்துவேன். மேசையில் பட்டால் கைதட்டல். படாவிட்டால் நானே ஒரு பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்கவைத்து, தோற்றதை மறக்கடித்துவிடுவேன்.

என்னோடு சோடியாக ஆடியவன் மருதமுனைத் தறிக்காரன். எங்கள் கடைக்கு ஆண்கள் உடுத்துகிற சாறன் நெய்து கொண்டுவந்து தருகிறவன். சின்ன வயதிலேயே தறியின் இரைச்சலில் குந்தியதால் காது மந்தம். எதையும் இரண்டு தரம் சொன்னால்தான் கேட்கும், அதனால் என் பகிடிகளில் பாதி அவனிடம் வீணாய்ப் போனது. ஆட்டத்தில் எனக்கு நேர் எதிர். மேசையிலிருந்து ஆறடி தள்ளி நின்று, எந்த அடியையும் கீழே வாங்கி வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புவான். அவசரம் என்பது அவன் உடம்பிலேயே இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு செய்தி வந்தது. ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனம் தன் அணிக்கு இரட்டையர் சோடி ஒன்று தேடுகிறது, அம்பாறையில் போட்டி வைத்துத் தெரிவு செய்வார்கள், வெல்லுகிற சோடிக்கு அங்கேயே நிரந்தர வேலை. எனக்கு அந்த வேலை ஒரு கௌரவம், கிடைக்காவிட்டால் வாப்பாவின் கடை இருக்கிறது. அவனுக்கு அப்படியில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்போம். அவனுக்கு மூன்று தங்கைகள், வாப்பா மௌத்தாகிவிட்டார். மூத்தவளின் வீடு அத்திவாரத்தோடு நின்றது. தறியை நம்பினால் மூன்றாவது வீடு முடிய தனக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிடும் என்று அவனே சொன்னான். அவன் என்னிடம் சொன்ன ஒரே பகிடி அதுதான், அதிலும் அவன் சிரிக்கவில்லை.

"உன்ட பழைய பெட்ட வெச்சிட்டு அம்பாறைக்குப் போக ஏலா மச்சான்" என்று அவன்தான் சொன்னான். சாறன் மூட்டையோடு கொழும்புக்குப் போன நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். புறக்கோட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. இறக்குமதிக்கு வழி திறந்துவிட்ட புதிது, கண்ணாடி அலுமாரி நிறையப் பலகைகள். நாங்கள் ஊரில் மட்டையை 'பெட்' என்று மொத்தமாய்ச் சொல்வதில் மேலே ஒட்டுகிற றப்பர் வேறு, உள்ளே இருக்கிற மரப்பலகை வேறு என்பதே எனக்கு அன்றுதான் சரியாக விளங்கியது.

கடைக்காரர் ஏழு அடுக்காக மரம் ஒட்டிய ஒரு பலகையை எடுத்து வைத்தார். "அடிச்சு ஆடுற ஆக்களுக்கு இதுதான் தம்பி. தொட்டாப் பறக்கும்."

பார்த்தவுடனேயே எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. என் கூட்டாளி அதை வாங்கி, பிடியைத் தன் தாடையெலும்பில் அழுத்தி வைத்துக்கொண்டு, பந்தைப் பலகையில் தட்டினான். மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டுப் பலகையின் வேகத்தை அறிவார்கள். இவனுக்கு அந்தச் சத்தம் கேட்காது, எலும்பில் அதிர்கிற அதிர்வுதான் கணக்கு. தறியில் எந்த மரம் தளர்ந்திருக்கிறது என்றும் அப்படித்தான் பார்ப்பானாம். கடையில் இருந்த பலகை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்த் தாடையில் வைத்தான்.

"என்ன, இவர் கடிச்சுப் பாக்கிறாரா?" என்றார் கடைக்காரர்.

"காலமச் சாப்பாடு சாப்பிடல்ல, பாவம்" என்றேன் நான்.

அவன் எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. கடைசியில் ஐந்து அடுக்குப் பலகை ஒன்றை என் கையில் தந்தான். "ஏழு அடுக்கு பந்தப் பட்டவுடன துப்புது. இது கொஞ்சம் புடிச்சு வெச்சிட்டு விடுது. உனக்கு இதுதான்."

"டேய், நான் அடிக்கிறவன்டா!"

"ஓம். பயத்துல அடிக்கிறாய். ஆசையில அடிக்கிறவனுக்கு ஏழு. பயத்துல அடிக்கிறவனுக்கு அஞ்சு."

ஊரில் ஒருவரும் கண்டுபிடிக்காததை ஒரு செவிடன் கண்டுபிடித்துவிட்டான் என்று எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் வேறு சிரித்துவிட்டார். ஐந்தடுக்கையே வாங்கிக்கொண்டு வந்தேன். தான் நெய்த சாறனில் நீளமாய் ஒரு துண்டு கிழித்து அதன் பிடியில் சுற்றியும் தந்தான், வேர்த்தால் வழுக்காதாம்.

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. என் அடிகள் மேசையில் விழத் தொடங்கின. ஆனால் பழைய 'படார்' என்ற சத்தம் இல்லை. பார்க்க வருகிறவர்கள், "என்ன, அடி கொறஞ்சிட்டு? கலியாணம் கிலியாணம் பேசிட்டாங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மற்றவனைப் பகிடி பண்ணுகிறவனுக்குத் தன்னை ஒருத்தன் பகிடி பண்ணினால் தாங்காது. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கொழும்புக்கு அரிசி ஏற்றிப்போகிற ஒரு லொறிச் சாரதியிடம் அந்தப் பலகையைக் கொடுத்து, மாற்றி ஏழு அடுக்கை எடுப்பித்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? கொடுக்குமுன் ஐந்தடுக்கிலிருந்து உரித்து வைத்த றப்பரையே சைக்கிள் ரியூப் ஒட்டுகிற பசையால் புதுப் பலகையில் ஒட்டினேன். அதே சாறன் துண்டைப் பிடியில் சுற்றினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சத்தம் வேறுதான், ஆனால் அவனுக்குத்தான் கேட்காதே. அப்படித்தான் நான் யோசித்தேன். எழுதவே வெட்கமாயிருக்கிறது. அந்தப் பத்து நாளும் பெருநாளைக்குச் சாறன் முடிக்கிற அவசரத்தில் அவன் கழகத்துப் பக்கம் வரவும் இல்லை. வீங்கிய மேசையில் சும்மா விளையாடிப் பார்த்தேன். பிரமாதமாய் இருந்தது. எதிரே நின்றவன் என் வீட்டுப் பக்கத்துக் கோழிக்கடைக்காரன் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அம்பாறை மண்டபத்தில் கடைசி ஆட்டம் வரைக்கும் எப்படியோ வந்துவிட்டோம். முன்னால் வந்த சோடிகள் பலமில்லாதவர்கள், அவன் வெட்டுகளே போதுமாக இருந்தன. கடைசி ஆட்டம் தொடங்குமுன் நான் நான்கு தரம் கழிப்பறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதி முடித்து, முதலில் இருந்து திரும்பவும் தொடங்கினேன். சேர்ட்டை முன்பின்னாகப் போட்டிருக்கிறேன் என்று நடுவர்தான் சொன்னார்.

இரட்டையர் ஆட்டத்தில் இருவரும் மாறி மாறித்தான் அடிக்கவேண்டும். அவன் எடுத்த பந்துக்கு அடுத்தது என் தலையில்தான். அவன் உயிரைக் கொடுத்து எடுத்துத் தருவான், நான் வானத்துக்கு அனுப்புவேன். பலகை தொட்டவுடனே துப்பியது. ஒரு பந்து கூரை விசிறியில் பட்டது. இன்னொன்று தெரிவுக்கு வந்திருந்த அதிகாரியின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போய் விழுந்தது. சனம் சிரித்தது. என் வாழ்க்கையில் நான் நினைக்காமல் எழுப்பிய ஒரே சிரிப்பு அதுதான்.

முதல் செட் போனது. இடைவேளையில் அவன் என் கையிலிருந்து பெட்டை வாங்கினான். அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், பிடியைத் தாடையில் வைத்துப் பந்தை ஒரு தரம் தட்டினான். என் முகத்தைப் பார்த்தான். இன்னொரு தரம் தட்டவில்லை. பெட்டைத் திருப்பித் தந்துவிட்டு, "அடிக்காத. வெச்சுக் குடு. மிச்சத்த நான் பாக்கிறன்" என்று மட்டும் சொன்னான்.

கொஞ்ச நேரம் அவன் சொன்னதைக் கேட்டேன். இரண்டாவது செட்டில் பத்தொன்பதுக்கு இருபது வரை வந்தோம். பிறகு ஒரு பந்து மண்டபத்துச் சுவரோரம் போனது. அவன் விழுந்து, தரைக்கு நாலு விரல் மேலே அதை எடுத்தான். எதிர்ச் சோடி தடுமாறிப் பந்தைச் சும்மா உயரத் தூக்கிக் கொடுத்தது. எனக்கு முன்னால், வலைக்குப் பக்கத்தில், தோளளவு உயரத்தில் அந்தப் பந்து நின்றது. வைத்தால் போதும். எனக்கோ அந்த நிமிடம் முடிந்தால் போதும் என்றிருந்தது. சாத்தினேன். மேசையைத் தொடாமலே போனது, அதோடு போட்டியும் போனது.

அதிகாரி எழுந்து எங்களிடம் வந்தார். தேத்தண்ணி பட்டு நனைந்த குறிப்புக் கொப்பி கையில். என்னைப் பார்க்காமல் அவனிடம்தான் கதைத்தார்.

"தம்பி, நீங்க நல்லா எடுக்கிறீங்க. இவருக்கு இந்தப் பெட்ட ஆர் தெரிஞ்சு குடுத்த?"

அவன் உதட்டைப் பார்த்துக் கேள்வியை விளங்கிக்கொண்டான். நான் பெட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், களவெடுத்த கோழியை ஒளிக்கிறவன் மாதிரி. கழகத்திலிருந்து லொறியில் வந்த அவ்வளவு பேரும் சுற்றி நின்றார்கள்.

"நான்தான் சேர்" என்றான்.

"கூட ஆடுறவர்ட கை எப்பிடியெண்டு தெரியாமலா சோடி சேந்த நீங்க?"

"பிழை என்ட சேர்."

அவர் பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் கழித்து எங்கள் கழகச் செயலாளர் சொல்லித்தான் தெரியும். அவனை மட்டும் எடுத்து வேறொருவரோடு சோடி சேர்க்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அவர் எழுந்து வந்தாராம். அதை அறிந்த அன்றே பஸ் ஏறிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். அதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

திரும்பி வருகிற லொறியில் மாவடிப்பள்ளி வயல்களைத் தாண்டினோம். பிறகு அவன் காதுக்குப் பக்கத்தில் போய், "மச்சான், நான்..." என்று தொடங்கினேன். "அங்க மூடின வாய இஞ்சயும் மூடு" என்றான். அவன் ஒன்றும் எல்லாவற்றையும் பொறுத்துப்போகிற அவுலியா இல்லை. இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை, சாறனையும் பக்கத்து வீட்டுப் பொடியனிடம்தான் கொடுத்தனுப்பினான்.

மூன்றாம் மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு கடைக்கு வந்தான். வெளிநாட்டுக்குப் போக. என் கையெழுத்து நல்லது என்பதால் நிரப்பித் தரச் சொன்னான். தொழில் என்ற இடத்தில் நெசவு என்று எழுதினேன். "அதுக்கு அங்க வேலையில்லயாம். கட்டட வேல எண்டு போடு" என்றான். வெட்டிவிட்டு எழுதினேன். என் கையால்தான் எழுதினேன்.

போய் இரண்டு வருடத்தில் மூத்த தங்கையின் வீட்டுக்கு ஓடு ஏறியது, கலியாணமும் நடந்தது. இரண்டாவது வீட்டுக்குக் கல் வந்து இறங்கிய கிழமை தந்தி வந்தது. வேலைத்தளத்தில் விபத்து என்று மட்டும் இருந்தது. அங்கேயே அடக்கிவிட்டார்கள். இங்கே பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதோம், முன்னால் அவன் உடல் இல்லாமல். விபத்து எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் பிறகு ஊருக்கு வந்தார்கள். நான் கேட்கவில்லை. அவனுக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரிந்துகொள்ளத் துணிவு வரவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து இரண்டு நாள் கழித்து அவன் உம்மாவிடம் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு இருந்தா. அவன் அனுப்பிய கெசட் ரேடியோ முன்னால் இருந்தது. உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் அவன் கடிதம் எழுதாமல் கெசட்டில் கதைத்து அனுப்புவான்.

"உம்மா, ஒரு கத சொல்லணும்" என்றேன்.

"இரி மகன். முதல்ல இதக் கேளு. இதுல உன்ட பேரு வருது" என்று பட்டனை அமத்தினா.

தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திக் கத்தித்தான் கதைத்திருந்தான், ரேடியோ அதிர்ந்தது. அம்பாறை ஆட்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சொல்வது போலவே, நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, என் பாணியில் பகிடியாய். "ஊரெல்லாம் பலகையத் தாடையில வெச்சுப் பாத்தவன் உம்மா நான், கடைசியில அவனுக்குப் போய் பிழையான பலகையத் தெரிஞ்சு குடுத்தன். அவன் பாவம், குடுத்தத வெச்சு ஆடினான்!" பிறகு அவன் சிரித்தான். அவன் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

உம்மா பட்டனை அமத்தி நிறுத்தினா. "நீயும் நிண்டாய்தானே மகன். அப்பிடித்தானா நடந்த?"

அவவின் முகத்தைப் பார்த்தேன். மகன் சொன்னது சரிதான் என்று கேட்பதற்காக அந்த முகம் காத்துக்கொண்டிருந்தது.

"ஓம் உம்மா. அப்பிடித்தான்" என்றேன். அதோடு நிற்காமல் கூரை விசிறியையும் தேத்தண்ணிக் கோப்பையையும் சேர்த்துச் சொன்னேன், அதிகாரி போல நடந்தும் காட்டினேன். உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. சிரிப்புச் சத்தம் கேட்டுக் கடைசித் தங்கை குசினியிலிருந்து ஓடிவந்து, உம்மாவைப் பார்த்துவிட்டு அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த உம்மாவும் மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. எனக்கு முன்தலை வழுக்கை, சீனி வருத்தம், இன்னமும் நான் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. யாருக்காவது தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்: அந்தப் பலகையைத் தெரிந்தெடுத்தது அவனல்ல, நான்தான். அன்று அந்த மண்டபத்தில் இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அந்த ஒரு நிமிடத்தைத் தவிர, வாழ்நாள் முழுக்க நான் கதைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.