கிள்ளானுக்கு வெளியே ஓரிரவு

போதைப்பொருள் வழக்கில் என் தம்பிக்கு முதலில் கிடைத்தது சிறை அல்ல, இரண்டு வருடக் கண்காணிப்பு ஆணை. அதில் எட்டு நிபந்தனைகள். மலாய் மொழியில் இருந்தவற்றைத் தமிழில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வாரம் ஒருமுறை கண்காணிப்பு அதிகாரியின் அலுவலகத்தில் கையெழுத்து. கூப்பிட்டபோது சிறுநீர்ப் பரிசோதனை. பதிவு செய்த முகவரியில்தான் இரவு தங்க வேண்டும். எழுத்துப்பூர்வ அனுமதியின்றிக் கிள்ளான் மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது. மற்ற நான்கும் இவற்றின் கிளைகள்.

பங்சாரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. பட்டியல் இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. பதினொரு மாதம் ஒவ்வொரு வாரமும் அந்தத் தாளில் டிக் போட்டேன். எந்தப் பரிசோதனையிலும் அவன் சிக்கவில்லை. இவ்வளவு கறாராக இருந்ததால்தான் பிள்ளை வீடு தங்கினான் என்று அம்மா சொல்வார். அது பொய்யில்லை.

நாங்கள் இருந்த கிள்ளான் வாடகை வீட்டின் பின்சந்தில் அவனுடைய பழைய கூட்டாளிகள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். அதனால்தான் கிள்ளான் மாவட்டத்துக்கு வெளியே, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினேன். முகவரி மாற்ற விண்ணப்பத்தைக் குடிபோவதற்கு மூன்று வாரம் முன்பே கொடுத்தேன். ஒப்புதல் கடிதம் வருவதற்குள், பால் காய்ச்சக் கோயில் ஐயர் குறித்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அன்று மாலை ஆறு மணி வரை தம்பி மாவட்டத்துக்கு வெளியே போய்வர மட்டும் தனியாக அனுமதி வாங்கினேன்.

காலையில் பால் காய்ச்சினோம். பால் காய்ச்சிய அன்று குடும்பமே புது வீட்டில் படுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இதை நான் பட்டியலில் எழுதவில்லை. நாலரை மணிக்குத் தம்பி செருப்பைத் தேடினான்.

"எங்கடா கெளம்புற?" என்றார் அம்மா.

"கிள்ளானுக்குமா. ஆறு மணிக்குள்ள திரும்பணும்."

"மொத நாளே ஆம்பளப் புள்ள இல்லாம வீட்ட பூட்டுறதா? வெளங்குமா?"

"சரி, அப்ப ஆபீசருக்கும் ஒரு பாய் எடுத்துப் போடுங்க. அவரும் வந்து படுக்கட்டும்."

அம்மா சிரிக்கவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"விண்ணப்பம்தான் கொடுத்தாச்சே. ஒரு ராத்திரிதானே. காலையில மொத கொமியூட்டர்ல போயிரு" என்றேன்.

அவன் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தான்.

சனிக்கிழமை அவன் ரயிலில் இருந்தபோதே அதிகாரி கிள்ளான் வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆன்டி எனக்கு போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம். "ஆபீசர் வந்தாருமா. புது வீட்ல பால் காய்ச்சியிருக்காங்க, எல்லாரும் நேத்து அங்கதான் படுத்தாங்க, தம்பி ரொம்ப நல்ல புள்ளையா மாறிட்டான்னு சொன்னேன். நல்லாதான் பேசுனாரு லா. எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு."

முகவரி மாற்றத்துக்கான ஒப்புதல் அடுத்த வாரம் வந்தது. அதிலிருந்த தேதி அந்த வெள்ளிக்குப் பிந்தியது. ஆணையை மீறியதாகத் தம்பிமேல் வழக்குப் போட்டார்கள்.

சட்ட உதவிக்கு வந்த வழக்கறிஞர் என்னைவிட இளையவர். அன்றிரவு அவனைத் தங்க வைத்த முடிவு என்னுடையது, அதை எழுதிக் கொடுக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"ஆர்டர் உங்க பேர்லயா இருக்கு, அக்கா? அவரு மாவட்டத்துல இருந்தாரா, இல்லையா? கோர்ட்டுக்கு அதுதான் கேள்வி. மிச்சத்த தண்டனைய கொறைக்கச் சொல்லிக் கேக்கலாம், அவ்ளோதான்."

என் வேலையில் பிழைகளுக்குத் தரம் உண்டு. ஓர் எழுத்து தவறாகத் தெரிவதும் வாடிக்கையாளரின் தகவல் அழிவதும் ஒரே வரிசையில் வராது. ஆணையில் அப்படி எதுவும் இல்லை. போதை வாங்கப் போனவனும் அம்மா பக்கத்தில் படுத்தவனும் ஒரே எல்லையைத் தாண்டியவர்கள். ஏன் அப்படி எழுதினார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. போதை வாங்கப் போனவனும் பால் காய்ச்சினோம் என்றுதான் சொல்வான். அதிகாரி யாரை நம்புவார்? சட்டப்படிதான் நடந்ததா என்று கேட்டால், ஆமாம். நியாயமா என்று கேட்டால், அந்தக் கட்டத்தில் நான் இன்னும் எதையும் நிரப்பவில்லை.

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்று மாதச் சிறை. நீதிமன்றத்தில் எல்லாம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அம்மா என் கையைப் பிடித்து, "என்னம்மா சொன்னாங்க?" என்றார். "தொண்ணூறு நாள்" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. கார் நிறுத்திய சீட்டை எந்தப் பையில் வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

சிறையில் அவனை முதல் முறை பார்க்கப் போனபோது, சொல்ல வேண்டியவற்றை நினைவில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் போனை எடுத்தான். முடி ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மாவின் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றேன். அவனுக்கு வேலை தருவதாக இருந்த பிரிக்பீல்ட்ஸ் மின்சாமான் கடைக்காரர், அதை இன்னும் அவனுக்காக வைத்திருப்பதாகச் சொன்னதைச் சொன்னேன். மூன்றாவதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"அன்னைக்கு இருக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா. நானும்தான் கூட இருந்தேன். முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்." அவன் போனை வேறு காதுக்கு மாற்றினான். "வெளிய வந்ததும் திரும்ப அந்த ஆர்டர் ஓடும்ல? இனிமே நீ சொன்னா கேக்க மாட்டேன். பேப்பர்ல இருந்தா மட்டும்தான் கேப்பேன். கோவிச்சுக்காத."

கோபமில்லை என்று சொன்னேன். அவன் அதைக் கேட்பதற்குள் லைன் நின்றுவிட்டது.